மோட்டார்காரர் வீட்டுக்குப் பிந்தி வந்த விடுமுறைகள்

மோட்டார்காரர் வீட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமை விடுமுறையாக இருந்தது. தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் அது வேலை நாள். பள்ளிக்கூட வேன் வழக்கம்போல முனையில் நின்று ஹாரன் அடித்தது, பால்காரர் வந்துபோனார், பக்கத்து வீட்டுக்காரர் சாக்ஸ் ஒன்றைக் காணவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். மோட்டார்காரர் வீட்டுக்குள் மட்டும் வெயில் ஜன்னலை ஒட்டிச் சோம்பலாகக் கிடந்தது. தொலைக்காட்சியைப் போட்டால், மழைக்காலத்தில் வந்துபோன தேசிய விடுமுறையன்று தலைவர் ஆற்றிய உரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால், எப்போதோ முடிந்துபோன ஒரு கால்பந்தாட்டம் நேரடி ஒளிபரப்பு என்ற அறிவிப்போடு வந்தது. மோட்டார்காரரின் மனைவி தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். கால் நகரவில்லை. வலி எதுவும் இல்லை, லீவு நாளில் ஆபீசுக்குக் கிளம்பச் சொன்னால் கால் எப்படி முரண்டு பிடிக்குமோ அப்படி முரண்டு பிடித்தது. பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து படுத்தார். சாயங்காலம் விளக்கு போடும் நேரத்தில், வந்த விருந்தாளி சொல்லிக்கொண்டு கிளம்புவது போல அந்த நாள் வீட்டைவிட்டுப் போனது. மறுநாள் திட்டு வாங்கத் தயாராக, தான் வேலை பார்க்கும் பஸ் டிப்போவுக்குப் போனவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று அவர் வராதது யாருக்கும் உறைக்கவே இல்லை.

இது நடந்ததற்குக் காரணம் எளிமையானது. மோட்டார்காரர் நகரத்தின் நீரேற்று நிலையத்தில் மோட்டார் இயக்குபவர். விடுமுறை நாளில்தான் ஊர் ஆற அமரக் குளிக்கும், வண்டியைக் கழுவும், திரைச்சீலைகளைத் துவைக்கும். அதனால் விடுமுறை நாளில்தான் மோட்டார் மூச்சுவிடாமல் ஓடியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு அரசு விடுமுறையைக்கூட அவர் வீட்டிலிருந்து பார்த்ததில்லை. அதற்கு ஈடாக வேறொரு நாள் தருவதாக இலாகா சொல்லும். கேட்கப் போனால் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும். இலாகாவுக்கு இல்லாத மானரோசம் விடுமுறைகளுக்கு இருந்தது போலும். தங்களை அனுபவிக்காமல் விட்டவர் யாரென்று தேடி, வாரமோ மாதமோ கழித்து, ஒவ்வொன்றாக அவரவர் வீட்டுக்கே வந்து இறங்கத் தொடங்கின.

முதலில் மோட்டார்காரர் வீட்டுக்கு வந்தன. பிறகு தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வீட்டுக்கு, மின்வாரிய லைன்மேன்கள் வீட்டுக்கு, வார்டு ஆயாக்கள் வீட்டுக்கு, பஸ் டிரைவர்கள் வீட்டுக்கு என்று ஊர் முழுக்கப் பரவின. இரண்டு வருடத்தில் ஊருக்கு அது பழகிப்போய்விட்டது. நட்டநடு வாரத்தில் ஒரு வீட்டுக்காரர் பத்து மணிக்குப் பனியனோடு வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தால், "அவங்க வீட்டுக்கு லீவு வந்திருக்கு" என்று சொல்லி அக்கம்பக்கத்தில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். அந்த வீட்டுக் கதவை அன்று தட்டுவதில்லை. தபால்காரர் கடிதத்தைக் கதவுக்கு அடியில் செருகிவிட்டுப் பூனைபோல நடந்துபோவார். பந்து உள்ளே விழுந்தால் பிள்ளைகள் மறுநாள்வரை காத்திருந்தார்கள். இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஊர் தானாகவே கற்றுக்கொண்டது.

வந்த விடுமுறை எந்த நாளினுடையதோ அந்த நாளின் வானிலையையும் கூடவே கொண்டுவந்தது. மூடுபனி காலத்து விடுமுறை ஒன்று கொளுத்தும் வெயிலில் ஒரு லைன்மேன் வீட்டுக்கு வந்தபோது, அவர் குடும்பமே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் வழியாக, வேர்த்து வழிந்தபடி நடந்துபோகும் தெருவை வேடிக்கை பார்த்தது. அவர் மாமியார் மட்டும், தனக்குச் சளி பிடித்ததற்கு மருமகனின் இலாகாதான் பொறுப்பு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மோட்டார்காரரின் மனைவிக்கு ஊரில் லீவு அக்கா என்று பெயர். பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் டியூட்டி போடுகிற வேலை அவருடையது. வருடக் கடைசியில் மறு வருடத்துக்கான அரசு விடுமுறைகள் அறிவிக்கப்பட்டதும், டிப்போ ஆட்கள் மட்டுமல்ல, அவர்களுடைய மச்சான்மாரும் சம்பந்திகளும்கூட அக்காவின் மேசை முன்னால் வந்து நிற்பார்கள். தையல்காரர் துணியை விரித்துப் பார்ப்பது போல அவர் அந்த வருடத்தை விரித்துப் பார்ப்பார். வியாழக்கிழமை விடுமுறை என்றால் வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பம், சனியும் ஞாயிறும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றால் திங்களை வாங்கு. கையிலிருக்கும் கொஞ்சம் லீவை வைத்து ஒருவருக்கு ஒரு வாரத்தையே தைத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் காரணத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும். "பொய்க் காரணத்துக்குப் போட்ட லீவு ஒட்டாதுப்பா, பாதியில பிரிஞ்சிரும்" என்பார். கூரை ஒழுகுகிறது, அம்மாவைப் பார்த்து நாளாயிற்று, சும்மா தூங்க வேண்டும், எதுவானாலும் சரி. சும்மா தூங்க வேண்டும் என்பவருக்குத்தான் முதலில் போட்டுக்கொடுப்பார். அவர் போட்டுக்கொடுத்த லீவில்தான் அந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் தங்கள் பாட்டன்மாரைப் பார்த்தார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை.

இத்தனை கெட்டிக்காரி தன் மகள் கல்யாணத்தில் கோட்டை விட்டார்.

கல்யாணத்தை அரசு விடுமுறை நாளில் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். யாரும் லீவு போட வேண்டாம், எல்லோரும் வரலாம், மண்டபம் நிறையும். அந்த நாளில் கணவருக்குப் பதிலாக மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஆளையும் ஆறு மாதம் முன்பே பேசிவைத்தார். அதிகாலை ஷிப்டில் மோட்டார்காரர் தொடங்குவது, ஆறு மணி பஸ்ஸில் மாற்று ஆள் நீரேற்று நிலையம் இருக்கும் மேட்டுக்கு வந்து கைமாற்றிக்கொள்வது, அவர் கீழே இறங்கி வந்து மகளை வீட்டு வாசலிலிருந்து வண்டிவரை கைபிடித்துக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. சின்ன வயதிலிருந்தே அந்தப் பெண் முதல் நாள் பள்ளிக்கூடம், முதல் நாள் நர்சிங் கல்லூரி, முதல் நாள் வேலை என்று எதற்குப் போனாலும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் வாசற்படி இறங்குவாள். அம்மா பின்னால் நின்று, மறந்துபோன எதையாவது எடுத்துக் கொடுப்பார். அந்த வீட்டின் வழக்கம் அது.

ஆனால் டிப்போவில் எல்லோருக்கும் கல்யாணத்துக்கு வர ஆசை. லீவு அக்கா மகள் கல்யாணம் என்றால் சும்மாவா? கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா மனம் குளிர்ந்து லீவை அள்ளி விட்டார். கடைசியில் அன்று ஓட்ட ஆள் குறைந்து, பயணிகள் அதிகம் இல்லாத தடம் ஒன்றை நிறுத்த வேண்டியதாயிற்று. எந்தத் தடம் என்று கல்யாண அவசரத்தில் அவர் பார்க்கவில்லை. அது மேட்டுக்குப் போகும் ஆறு மணி பஸ். மாற்று ஆள் தூறலில் நிறுத்தத்தில் நின்று நின்று பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார். கொஞ்ச நஞ்ச தூரம் இல்லை.

மேலே பம்ப் அறையில், கல்யாணத்துக்கென்று தைத்த சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, மோட்டார்காரர் வாசலுக்கும் மீட்டருக்கும் நடந்துகொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்தினால் கீழே முதலில் வறண்டுபோகும் தொட்டி பெரிய ஆஸ்பத்திரியினுடையது. அவர் நிறுத்தவில்லை. கீழே மகள் கல்யாண உடையில் வாசலில் நின்றாள். தூறல் விடவில்லை, வாடகை வண்டிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார், மண்டபத்திலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. கடைசியில் தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். மாற்று ஆள் தெப்பலாக நனைந்து மேட்டை அடைந்து, மோட்டார்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் போய்விட்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மோட்டார நிறுத்திட்டு வந்திருக்கலாம்ல?"

"நிறுத்தியிருக்கலாம்" என்றார் அவர். அதற்குமேல் பூசி மெழுக அவருக்குத் தெரியாது.

பஸ்ஸை நிறுத்தியது தான்தான் என்று அம்மா அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தார். மகள் அதைக் கேட்டுக்கொண்டாள். "பஸ் உன் தப்பும்மா. அத நான் எப்பவோ மன்னிச்சாச்சு. நிறுத்திட்டு வராதது அவர் தப்பு. அது தனி." வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவதில் அவள் அப்படியே அம்மா. அன்றிலிருந்து அப்பா டியூட்டியில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அம்மா வீட்டுக்கு வந்துபோனாள். மருமகன் மட்டும் மாமனார் இருக்கும்போதும் வந்து, இருப்பதைச் சாப்பிட்டு, "அவ நல்லாத்தான் இருக்கா மாமா" என்று ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவார். மோட்டார்காரர் அதற்காகவே அவர் வருவதை எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

லீவு அக்காவுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் பாக்கியிருந்தது. கணவர் வேலை பார்த்த விடுமுறைகள் எல்லாம் பிந்தியாவது வீட்டுக்கு வந்துவிட்டன. அந்த வருடத்து விடுமுறைகளில் மற்றவை எல்லாம் வந்துபோய்விட்டன. கல்யாண நாள் மட்டும் வரவில்லை. அது வந்தால் அந்தக் காலையும் வரும், தூறல் வரும், வாசலில் வண்டியின் ஹாரன் சத்தம் வரும். அப்போது மகளும் வீட்டில் இருந்துவிட்டால், அந்த மனிதர் அந்த ஏழெட்டு அடி தூரத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார். வேறென்ன வேண்டும்? அந்த நாளை எப்படியாவது பிடித்துக் கொண்டுவருவது என்று அக்கா முடிவு செய்தார். ஊருக்கெல்லாம் லீவு போட்டுக்கொடுத்த கை, தன் வீட்டுக்கு ஒன்று போட முடியாதா?

திட்டம் போட்டார் பாருங்கள், அப்படி ஒரு திட்டத்தை டிப்போகூடப் பார்த்ததில்லை. கல்யாண நாளுக்கு முன்னும் பின்னும் தனக்கு லீவு எழுதினார். கணவருக்கும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். மகளுடைய வார்டின் தலைமை நர்சை இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்து, மகளுக்கும் அதே நாளில் ஓய்வு கேட்டார். வீட்டுக்கு வெள்ளையடித்தார். அன்றுபோலவே வாடகை நாற்காலிகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தார். எல்லாம் தயார். விடுமுறை வரவில்லை. மகளும் கடைசி நேரத்தில் யாருடனோ ஷிப்டை மாற்றிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். மறு வருடமும் அதே கதை. இந்த முறை மகளைச் சரிக்கட்டியாயிற்று என்று நினைத்தபோது, அவளை எதிர்கொள்ளப் பயந்து மோட்டார்காரரே குழாய் வெடித்துவிட்டதாகச் சொல்லி மேட்டுக்கு ஓடிவிட்டார். எந்தக் குழாயும் வெடிக்கவில்லை. அக்கா விடவில்லை. கல்யாண நாளோடு நிறுத்தாமல் அதன் மாதம் முழுவதும், பிறகு இரண்டு விடுமுறைகளுக்கு நடுவில் மாட்டிய ஒவ்வொரு வேலை நாளிலும், அது வரும் வரும் என்று லீவு போட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலைகீழாக நின்றும் பலன் இல்லை.

தெருமுனையில் ஒரு தையல்காரர் இருந்தார். ஜன்னலை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டிருந்ததால் தெருவுக்கு வருவது போவது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நாலாவது வருடம் ஒரு நாள், வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு முகம் செத்துப்போய் வந்த அக்காவை அவர் கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன். உங்க வீட்டுக்கு ஒரு லீவு வந்து வந்து திரும்பிப் போகுது."

"என்ன சொல்ற நீ?"

"இதோ இந்த முனையிலதான் வந்து நிக்குது. சின்னத் தூறலோட. என் வாசல்படி மட்டும் நனையும். கொஞ்ச நேரம் உங்க வீட்டையே பாக்குது. அப்புறம் திரும்பிடுது."

"ஏன்? ஏன் உள்ள வரல?"

தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். "நீங்கதான் ஏற்கெனவே லீவு போட்டுட்டு உக்காந்திருக்கீங்களே. லீவு போட்ட வீட்டுக்கு இன்னொரு லீவு எதுக்குக்கா வரும்? உங்களுக்குத் தெரியாததா?"

அக்கா அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரில் லீவுக்கும் வேலைக்கும் உள்ள உறவைக் கரை கண்டவர் அவர். விடுமுறை என்பது வேலை நாளில்தான் வந்து இறங்கும், காலியாகக் கிடக்கும் நாளில் அதற்கு இறங்க இடமில்லை என்பது மட்டும் அதுவரை அவர் மண்டையில் ஏறவே இல்லை. தானே வாசலில் நின்று மூன்று வருடமாக அதைத் துரத்தியடித்திருக்கிறோம் என்று புரிந்தபோது முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் அழுகை வந்தது. தையல்காரர் ஒரு துணித் துண்டைக் கொடுத்தார். அது யாருடைய சட்டையிலிருந்தோ வெட்டி எடுத்த கை. அதில் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு, "நல்லா இருப்பா நீ" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே டிப்போவுக்குப் போனார். தன் பெயரில் எழுதியிருந்த எல்லா லீவையும் ரத்து செய்தார், கணவர் பெயரில் இருந்ததை ரத்து செய்யச் சொல்லி அவர் இலாகாவுக்கும் எழுதினார். மேலதிகாரி அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதன்பிறகு அக்கா திட்டம் எதுவும் போடவில்லை. அவருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. காலண்டரைச் சமையலறையிலிருந்து கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தார். மகளுக்குப் போன் செய்தால், "எப்ப வர்ற" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிட்டு, "சாப்ட்டியா" என்று கேட்டு வைத்துவிடுவார். மனைவி ஒன்றுக்கும் பறக்காமல் இருப்பதைப் பார்த்து மோட்டார்காரர் கவலைப்பட்டு மருந்துக் கடையில் ஒரு டானிக் வாங்கிவந்தார். அதைக் குடித்துக்கொண்டு அக்கா தினமும் வேலைக்குப் போய்வந்தார்.

இந்தச் சமயத்தில் மகள் வேலை பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்ததை அவள் பிற்பாடு அம்மாவிடம் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். அது ஒரு அரசு விடுமுறை நாள். அவளுக்குப் பிரசவ வார்டில் டியூட்டி. ஒருவர்பின் ஒருவராகப் பெண்கள் வலி எடுத்து வந்துகொண்டிருந்தார்கள், நிற்க நேரமில்லை. கையைக் கழுவிக் கழுவித் தோல் ஊறிப்போனது. நடுவில் மூச்சுவிட்ட ஒரு நிமிடத்தில், உடனிருந்த மூத்த நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னார்.

"உன் கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான்டி. வரணும்னு புடவை எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். விடிஞ்சதுலேருந்து ஒரே கூட்டம். ஒரு கொழந்தை மூச்சே விடல, போராடித்தான் அழ வெச்சோம். எங்க வர்றது?"

மகள் குழாயடியில் நின்றிருந்தாள். "அன்னிக்குத் தண்ணி வந்துச்சா அக்கா?"

"இது என்ன கேள்வி? வந்துச்சு. வராம இருந்திருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்?"

குழாயை மூட மறந்து அவள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ விடுமுறைகளில் அதே குழாயில் கை கழுவியிருக்கிறாள். திறந்தால் வரும், அவ்வளவுதான். அது எங்கிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தெரிந்தும் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. அதற்கு முன்னும் பின்னும் விடுமுறை எதுவும் இல்லை. திட்டம் போடுகிற எவரும் திரும்பிப் பார்க்காத ஒரு வெறும் நாள். அக்கா பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மோட்டார்காரர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். கூரைமேல் சத்தம் கேட்டது. வெளியே தெரு முழுவதும் பளிச்சென்று வெயில். அவர்கள் வீட்டுக் கூரையில் மட்டும் தூறல் விழுந்தது. பிறகு, கல்யாணத்துக்கு அடித்த புது வெள்ளையின் வாசனை வந்தது. வாசலில் வண்டி எதுவும் இல்லை, ஆனால் பொறுமையிழந்த ஹாரன் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "என்னங்க" என்றார். மோட்டார்காரர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தார், ஹாரன் சத்தத்தைக் கேட்டார். புரிந்துகொண்டார். "அவதான் இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

அவள் அப்போது இரவு டியூட்டி முடித்து, கிடைத்த முதல் பஸ்ஸில் வந்திறங்கி, தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அப்பா வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று அவளாகவே வந்தாள். தையல்காரர் ஜன்னலிலிருந்து, "உங்க வீட்டுல மட்டும் மழைம்மா, சீக்கிரம் போ" என்றார். அவள் ஓடினாள். நர்ஸ் உடையில், கசங்கிப்போய், ஒரு கையில் செருப்போடு தூறலுக்குள் நுழைந்து படியேறி உள்ளே வந்தவள், அந்த வாசனையிலும் ஹாரன் சத்தத்திலும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் காலையை அவள் மறந்திருந்தால்தானே.

மோட்டார்காரர் அவளைப் பார்த்தார். உள்ளே போனார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வயிற்றில் ஒரு பொத்தான் பூட்ட மறுத்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"கெளம்பலாமா?" என்றார்.

"லேட்டாயிடுச்சுப்பா."

"தெரியும்மா. பஸ் வரல."

அவள் சிரித்தாள், அதே மூச்சில் அழுதாள். "தண்ணி வந்துச்சுப்பா. அன்னிக்கு எங்க வார்டுல தண்ணி வந்துச்சு. நான் கேட்டேன்."

அந்த மனிதர் கல்யாணத்தன்றும் அழாதவர், அதற்குப் பின்னும் அழாதவர். அன்று பொத்தானை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். இத்தனை வருடத்தில் அவரிடம் வந்து தண்ணீர் வந்தது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். வராதபோது சொல்ல ஊரே வரும். மகள் அவர் கையை முகத்திலிருந்து எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். இருவரும் படியிறங்கினார்கள். அக்கா பின்னால் நின்று, மறந்ததை எடுத்துக் கொடுப்பதற்காகச் சுற்றும்முற்றும் பார்த்தார். எதுவும் மறந்திருக்கவில்லை. ஆனாலும் எதையாவது கொடுக்க வேண்டுமே என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடினார், விரிக்கவில்லை. வாசலிலிருந்து கேட்டுவரை ஏழெட்டு அடிதான். அவர்கள் அதை அவசரமே இல்லாமல் நடந்தார்கள். ஹாரன் சத்தம்கூடக் கடைசியில் பொறுமையாக நின்றுவிட்டது. கேட்டுக்கு வெளியே காய்ந்த தெரு, அதில் ஆபீஸ் போகிறவர்கள், சைக்கிள்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒற்றைச் சாக்ஸோடு வெளியே வந்தவர், பார்த்துவிட்டு, மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

அன்று முழுவதும் அந்த விடுமுறை அவர்கள் வீட்டில் இருந்தது. நீரேற்று நிலையத்தில் யாரும் மோட்டார்காரரைத் தேடவில்லை, மோட்டாரும் தன் பாட்டுக்கு ஓடியது. மத்தியானம் மருமகன் வந்து, வழக்கமான வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்து, மனைவி அங்கேயே மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சொல்ல வேறொன்றும் இல்லாமல் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டபின் எல்லோரும் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார்கள். மகள் இரவு டியூட்டிக் களைப்பில் உடனே தூங்கிப்போனாள். அக்கா மட்டும் விழித்திருந்து, மூன்று குறட்டைகளையும் தனித்தனியே கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ லீவு வாங்கிக்கொடுத்திருக்கிறார். இது ஒன்றை யாரோ தனக்கு வாங்கிக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாததால், தூறல் விழும் கூரையைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

இதற்குப்பின் சொல்ல அதிகம் இல்லை. அடுத்து அக்காவும் கணவரும் மகள் வீட்டுக்குப் போனபோது கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார்கள். மோட்டார்காரர் அதில் இருந்தார். மகள் பக்கத்தில், தூறலில் தோள் நனைந்த சட்டையோடு, ஒரு பொத்தான் பூட்டாமல் நின்றிருந்தார். "எல்லா போட்டோலயும் கண்ண மூடிட்டு நிக்கிறீங்களேப்பா" என்று மகள் சலித்துக்கொண்டாள். மண்டபத்து மேனேஜரைக் கேட்டால், பெண்ணின் அப்பாதானே, காற்றாடி ஓடவில்லை என்று தன்னிடம் சண்டை போட்டவராயிற்றே என்பார். மாற்று ஆளைக் கேட்டால், தான் மேட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவர் மோட்டாரைவிட்டு ஒரு அடி நகரவில்லை என்று சத்தியம் செய்வார். இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கிறார்கள், சண்டை வந்ததில்லை. அன்று ஊருக்குத் தண்ணீரும் வந்தது, அவர் மகள் கல்யாணத்திலும் இருந்தார் என்று இரண்டையும் ஊரில் ஒரே மூச்சில் சொல்வார்கள். எப்படி என்று யாரும் கேட்பதில்லை.